எந்தத் தரையிலிருந்து ஒன்றரை அடி?

"அப்ரூவல்லாம் இப்ப ஒரு விஷயமே இல்ல சார். காலையில அப்ளை பண்ணா மத்தியானம் கையில பேப்பர்." ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் முதலில் காதில் விழுவது இதுதான். பிளான் போட்டுத் தருபவர் சொல்கிறார். வங்கியில் வீட்டுக் கடன் மேசையில் சொல்கிறார்கள். கம்பி, சிமெண்ட் கடைக்காரரும் சொல்கிறார். வீடு கட்டும் அனுமதியில் இருந்த ஒரே நோய் தாமதம், அந்த நோய் தீர்ந்துவிட்டது என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு, சுயசான்று முறையில் உடனடியாகக் கட்டட அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனை. அதில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டிக்கொள்ளலாம். உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றி, விதிகளுக்கு உட்பட்டே கட்டுவேன் என்று உரிமையாளரே சான்றளித்துப் பணத்தைக் கட்டினால் அனுமதி வந்துவிடும். முன்கூட்டி யாரும் வந்து மனையைப் பார்ப்பதில்லை. கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் வாங்க வேண்டாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆக, எங்கள் பக்கத்தில் சொந்தமாக வீடு கட்டும் சம்பளக்காரர், ஓய்வு பெற்றவர், சிறு வியாபாரி என முக்கால்வாசிப் பேரை மனதில் வைத்து அளவெடுத்துத் தைத்த திட்டம் இது.

தாமதத்தின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை அனுபவித்தவன் நான். 2004-ல் அரை கிரவுண்டில் வீடு கட்ட அனுமதி கேட்டு ஐந்து மாதம் அலைந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். "சார் சைட்டுக்குப் போயிருக்காரு", "சார் மீட்டிங்ல இருக்காரு", "ஒரு ஜெராக்ஸ் குறையுது" என்று ஐந்து மாதம். ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் மனைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி. கடைசியில் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபோதுதான் காகிதம் நகர்ந்தது. கொடுத்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, பி.எஃப். பணத்தை எடுத்து வீடு கட்ட வந்தவர்கள் என் கண் முன்னால் இதே வரிசையில் நின்றார்கள். அந்த அவமானம் இனி யாருக்கும் வேண்டாம். அதை ஒழித்த அளவில் இந்தத் திட்டத்துக்கு என் நன்றி உண்டு.

ஆனால் அந்த ஐந்து மாதத்தை இன்று திரும்பிப் பார்க்கும்போது என்னை உறுத்துவது காத்திருந்த நாட்களின் எண்ணிக்கை கிடையாது. ஐந்து மாதத்தில் ஒருவர்கூட என் மனையின் தரையைப் பார்க்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

அனுமதி கைக்கு வந்து, கடைக்கால் தோண்டி, கருங்கல் போட்டு, பேஸ்மெண்ட் எழுப்பும் நாளில் மேஸ்திரி வந்து நின்றார். கையில் சுருட்டிய ஒரு டியூப். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றி, ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறு முனையைக் கையாள் பிடித்துக்கொண்டு நடப்பார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவார்கள். டியூப் லெவல் என்று பெயர். வீட்டின் அத்தனை மட்டமும் அந்தக் கோட்டிலிருந்துதான் பிறக்கிறது. மேஸ்திரி கேட்டார்: "சார், மட்டம் எங்கேர்ந்து எடுக்கட்டும்?"

ஐந்து மாதத்தில் எந்த அதிகாரியும், எந்தப் பொறியாளரும், எந்தப் படிவமும் கேட்காத கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. "ரோட்டுலேர்ந்து எடுங்க, ரெண்டு அடி ஏத்திக்கலாம்" என்றேன். அவரும் அப்படியே செய்தார்.

அனுமதி வாங்கிய வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். யாருடைய வரைபடமாக இருந்தாலும் சரி. வீட்டை நெடுக்கு வாட்டில் வெட்டிக் காட்டும் படம் ஒன்று ஓரத்தில் இருக்கும். அதன் அடியில் ஒரு கோடு போட்டு ஜி.எல். என்று எழுதியிருப்பார்கள். தரைமட்டம் என்று பொருள். அதற்கு மேல் 0.45 மீட்டரோ 0.60 மீட்டரோ பேஸ்மெண்ட் உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, உயர்த்தச் சொல்கிறது. எல்லாம் சரி. அந்த ஜி.எல். எது? மனையின் இன்றைய மண்ணா, எதிரே இருக்கும் சாலையா, நாளை போடப் போகும் சாலையா, தெருமுனைக் கல்வெட்டின் அடிமட்டமா, ஏரி நிறைந்தால் தண்ணீர் நிற்கும் மட்டமா? வரைபடத்தில் அது வெறும் கோடு. பிளான் போடுபவரின் கணினியில் போன மாதம் வேறொருவர் வீட்டுக்குப் போட்ட அதே கோடு. பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறாய், முன்னால் எத்தனை, உயரம் எத்தனை என்று படிவம் துருவித் துருவிக் கேட்கிறது. தண்ணீர் வந்தால் உன் வீடு எங்கே நிற்கும் என்று கேட்பதில்லை.

பழைய முறையிலும் கேட்கவில்லை, புதிய முறையிலும் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் கேட்காமல் விட்டதை இப்போது அரை நாளில் கேட்காமல் விடுகிறார்கள். இதைத்தான் தீர்வு என்கிறோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்பது சொல்லாமலே விளங்கும். அம்பத்தூர், அயப்பாக்கம், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரி வரும். ஏரிக்கு மதகு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு நிலம், மிஞ்சிய தண்ணீர் போகக் கலங்கல், கலங்கலில் இருந்து அடுத்த ஏரிக்குக் கால்வாய். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கு. இந்தச் சங்கிலியின் இடைவெளிகளில்தான் இன்றைய நகர்கள் எல்லாம் இருக்கின்றன. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. அவற்றை நம்பி வந்த குடும்பங்கள் நெல் வயலை மனையாக வாங்கின. வரப்பைக் கலைத்துக் கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்தார்கள். முகப்பேரில் ஒரு பகுதிக்கு இன்றைக்கும் ஏரித் திட்டம் என்றுதான் பெயர். அங்கே மனை பிரித்துக் கொடுத்தது அரசின் வீட்டு வசதி வாரியம். அனுமதியில்லாமல் கட்டிய ஏழைகளால்தான் வெள்ளம் என்று பேசுகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையை ஒரு முறை நின்று படிக்க வேண்டும்.

வயல் என்றால் தண்ணீர் நிற்க வேண்டிய இடம். நெல்லுக்கு அது வேண்டும். தண்ணீர் நிற்கும்படி மட்டம் பார்த்துச் சமன் செய்த நிலத்தில் வீடு கட்டும்போது, எத்தனை அடி ஏற்றுவது என்பதுதான் முதல் கேள்வி, முக்கியமான கேள்வி. பக்கவாட்டு இடைவெளியெல்லாம் அதற்கு அப்புறம்.

என் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். 2004-ல் சாலையிலிருந்து வாசலுக்கு நான்கு படி ஏற வேண்டும். அதன் பிறகு எங்கள் தெருவுக்கு மூன்று முறை சாலை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். முதல் படி போனது, இரண்டாவது போனது. 2015 டிசம்பரில் வாசற்படி வரை வந்த தண்ணீர் அங்கேயே நின்றது. 2021 நவம்பரில் கூடத்துக்குள் ஒரு சாண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால். ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தோம். செங்கலும் மூழ்கியது. கழிப்பறைக் கோப்பை வழியாக செப்டிக் டேங்க் தண்ணீர் மேலே வந்தது. என் மனைவி பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரத்தையும் கல்யாண ஆல்பத்தையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். அந்தப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்த அனுமதி வரைபடமும் பத்திரமாக இருக்கிறது. அதில் ஜி.எல். கோட்டுக்கு மேல் என் வீடு இன்றைக்கும் இரண்டு அடி உயரத்தில்தான் நிற்கிறது.

2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போகக் கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. அதற்குள் எங்கள் தெரு எழும்பிவிட்டது. சாலை போடும் பிரிவுக்கு வீட்டின் மட்டம் தெரியாது. அனுமதி தரும் பிரிவுக்குச் சாலையின் மட்டம் தெரியாது. இரண்டையும் ஒரே எண்ணில் எழுதி வைத்திருந்தால் எங்கள் படி எங்கே போகிறது என்று யாராவது பார்த்திருப்பார்கள்.

இதற்கு எதிர்வாதமாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. "அவன் வீடு, அவன் காசு, அவன் குடும்பம். தன் வீட்டைத் தானே கெடுத்துக்கொள்வானா? அரசாங்கம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்?" கேட்க நியாயமாக இருக்கிறது. சுயசான்று முறையின் அடித்தளமே இந்த நம்பிக்கைதான்.

மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எதிர் மனைக்காரர் 2024-ல் புதிதாகக் கட்டினார். கெட்டிக்காரர். வெள்ளத்தைப் பார்த்தவர். லாரி லாரியாகக் கிராவல் அடித்து மனையை மூன்றரை அடி உயர்த்தினார். அதற்கு மேல் பேஸ்மெண்ட். அவர் வீட்டுக்குள் இனி தண்ணீர் வராது. ஆனால் அந்த மனை காலியாக இருந்தவரை தெருவின் மழைநீர் அதில்தான் இறங்கி நின்று ஊறியது. இப்போது அந்தத் தண்ணீர் அவர் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் பழைய வீடுகளுக்குப் போகிறது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தார். அடுத்து கட்டுபவர் அவரைவிட அரை அடி கூடுதலாக ஏற்றுவார். அதற்கடுத்தவர் இன்னும் அரை அடி. கடைசியில் பணமில்லாதவர், ஓய்வூதியத்தில் வாழ்பவர், கணவனை இழந்து வாடகை வாங்கிப் பிழைக்கும் அம்மா, இவர்கள் வீடுகள் குளமாகும். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட மூன்று வீடுகளின் வாசலில் இப்போது செங்கல் வைத்து ஒரு முழ உயரத்துக்கு அணை கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிக் காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். வயதானவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று பார்த்தால்தான் தெரியும்.

சமையலறை எந்த மூலையில் என்பது என் சொந்த விஷயம். என் வீட்டின் மட்டம் என் சொந்த விஷயம் ஆக முடியாது, ஏனென்றால் என் மனைக்கு வராத தண்ணீர் வேறு யாருடைய மனைக்கோ போகிறது. இந்த ஒன்றை மட்டும் உரிமையாளரின் சுயசான்றுக்கு விட்டுவிட முடியாது.

அரசுக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரியும். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) விண்ணப்பித்தால், வெள்ளம் தேங்குமா என்று பார்க்க நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். துறை இடத்தைப் பார்த்து, எந்த மட்டம் வரை மண் நிரப்ப வேண்டும், கால்வாய்க்கு எத்தனை அகலம் விட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும். புழல் ஏரிக்கு நீர் வரும் பகுதிகளில் வளர்ச்சிக்கே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆக மட்டம் என்பது பொதுவிஷயம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது, நூறு மனைகள் ஒருவர் கையில் இருக்கும்போது. அதே நூறு மனைகள் நூறு பேர் கையில், ஒவ்வொன்றாக, இருபது வருஷ இடைவெளியில் கட்டப்படும்போது அந்தக் கேள்வி காணாமல் போகிறது. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்த வாதம்: "ஒவ்வொரு சின்ன வீட்டையும் போய்ப் பார்க்க ஆள் எங்கே?" இதைச் சொல்பவர்களுக்கு 2003 நினைவிருக்க வேண்டும். ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டின் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தது. பழைய வீடு, புதிய வீடு, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு எதற்கும் விலக்கில்லை. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். சில மாதங்களில் ஊர் முழுக்க மொட்டை மாடிக் குழாய்கள் கிணற்றுக்கும் குழிக்கும் திரும்பின. எல்லாமே ஒழுங்காகச் செய்யப்பட்டன என்று நான் சொல்லவில்லை. பல குழிகள் கண்துடைப்பு. ஆனாலும் அரசு மனம் வைத்தால் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வர முடியும் என்பதை அந்த வருஷம் காட்டியது. ஏற்கனவே நின்றுகொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகளைப் பார்க்க ஆள் கிடைத்தது என்றால், புதிதாக எழும்பும் வீட்டை ஒரே ஒரு முறை, பேஸ்மெண்ட் மட்டத்தில் வந்து பார்க்க ஆள் கிடைக்காதா?

உண்மையில் இன்றைக்கும் ஒருவர் வருகிறார். வங்கிக்காரர். கடனைத் தவணை தவணையாக விடுவிக்க, பேஸ்மெண்ட் முடிந்ததா, லிண்டல் வந்ததா, ரூஃப் கான்கிரீட் போட்டாச்சா என்று வங்கி அனுப்பும் பொறியாளர் படம் எடுத்துக்கொண்டு போகிறார். கொடுத்த பணம் சுவராக மாறியதா என்பதுதான் அவர் கவலை, அது அவர் வேலை. கட்டும் காலத்தில் மனைக்கு வரும் படித்த கண் அது ஒன்றுதான். கம்பி எத்தனை எம்.எம்., கலவை என்ன விகிதம், அடியில் களிமண்ணா மணலா என்பதெல்லாம் மேஸ்திரியின் மனசாட்சியைப் பொறுத்தது.

இங்கே மௌலிவாக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2014 ஜூன் 28, போரூர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சரிந்த கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. அனுமதி இருந்தும் அடித்தளம் தாங்கவில்லை. 11 மாடியையும் ஒரு மாடி வீட்டையும் ஒப்பிடக் கூடாது என்பார்கள். பளுவை நான் ஒப்பிடவில்லை. காகிதத்தில் கையெழுத்து இருப்பதும், மண்ணை ஒருவர் பார்த்திருப்பதும் இருவேறு காரியங்கள் என்று இந்த வட்டாரம் 61 உயிர் கொடுத்துக் கற்றது. பத்து வருஷம் கழித்து அதே வட்டாரத்துக்கு, யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்பதையே வசதியாகச் சொல்லிக் கொடுக்கிறோம்.

"வந்து பார்த்தால் கை நீட்டுவார்கள்." இந்த வாதத்துக்குப் பதில் சொல்வதுதான் கடினம், ஏனென்றால் நானே கொடுத்தவன். யோசித்துப் பார்த்தால், நான் எதற்குக் கொடுத்தேன்? ஆய்வுக்குக் கொடுக்கவில்லை. அனுமதியைத் தராமல் வைத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது, எனக்குக் காலக்கெடு இருந்தது. வாடகையும் வட்டியும் என் கழுத்தில் இருந்தன. அதற்குத்தான் கொடுத்தேன். அனுமதியை உடனே கொடுத்துவிட்டு, அதன் பிறகு வந்து பார்க்கட்டும். என்ன பார்க்கிறார்கள் என்பது ஒரே எண்ணாக எனக்கும் தெரிந்திருக்கட்டும். அப்போது பேரம் பேசும் இடம் சுருங்கிவிடும். தெலங்கானா 2020-ல் கொண்டுவந்த சட்டம் இந்த வழியில் போகிறது. அங்கேயும் சுயசான்று உண்டு, உடனடி அனுமதி உண்டு. 75 சதுர கஜத்துக்குள் சின்ன வீடு என்றால் ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும். ஆனால் சுயசான்றில் அனுமதி வாங்கியவற்றைப் பின்னால் சரிபார்ப்பதையும் அந்த முறைக்குள்ளேயே வைத்தார்கள். அங்கே எல்லாம் பிரமாதமாக நடக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. வேகமும் ஆய்வும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம் ஊரில் பேசுவது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. சுயசான்று முறைக்கு மாநகராட்சியில் சதுர அடிக்கு 100 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஒரு லட்சம். பலவகைக் கட்டணங்களை ஒன்றாக்கிய தொகை இது, பரிசீலனைக் கட்டணம் விலக்கு என்று அரசு விளக்கம் சொன்னது. இருக்கட்டும். ஒரு லட்சம் கொடுப்பவருக்கு அரசு எதைத் திருப்பித் தருகிறது? அவரே எழுதிய உறுதிமொழிக்கு ஒரு கியூஆர் குறியீடு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கில் ஒரு பொறியாளர் மட்டக் கருவியோடு தெருவுக்கு வந்து போகலாம்.

இந்த விரைவுப் பாதையில் ஏறவே முடியாதவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சுயசான்று வேண்டுமென்றால் மனை முதலில் அங்கீகரிக்கப்பட்டதாகவோ வரன்முறை செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். எங்கள் பக்கம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விற்ற மனைகளில் எத்தனையோ அன்-அப்ரூவ்டு. வாங்கியவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அரசின் பத்திரப்பதிவு அலுவலகம் முத்திரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்தது. மின் இணைப்பு வந்தது, வீட்டு வரி ரசீது வந்தது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான், தான் வைத்திருப்பது என்ன என்று பலருக்குத் தெரிந்தது. 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி திறந்தது. காலக்கெடுவை நீட்டித்து நீட்டித்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்னும் வெளியே நிற்பவர்கள் பெரும்பாலும் கட்டணம் புரட்ட முடியாதவர்கள், வாரிசுச் சிக்கலில் மாட்டியவர்கள், வாய்க்கால் ஓரத்து மனைக்காரர்கள். தாழ்வான நிலம் அவர்களிடம்தான் இருக்கிறது. யாராவது வந்து பார்க்க வேண்டியதும் அங்கேதான். அவர்கள் அனுமதியே இல்லாமல், இரவோடு இரவாகக் கான்கிரீட் போடுகிறார்கள். எண்ணிக்கையில் சேராததால் திட்டம் வெற்றி என்று தெரிகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பழைய அலைச்சல் வேண்டாம். சுயசான்றுப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: கடல் மட்டத்திலிருந்து உங்கள் வீட்டின் தரை எத்தனை மீட்டர்? அதை உரிமையாளர் எழுத வேண்டாம், அரசே எழுதித் தரட்டும். இந்தத் தெருவில் புதிய வீடு இந்த மட்டத்துக்குக் கீழே கூடாது, மனை நிரப்புவது இந்த மட்டத்துக்கு மேலே கூடாது, சாலை இதைத் தாண்டி எழக் கூடாது என்று மூன்று எண்கள். தெருமுனையில் ஒரு கல் நட்டு அதில் அந்த மட்டத்தைக் கொத்தி வைக்கட்டும். மேஸ்திரி டியூப்பை எடுத்துக்கொண்டு அங்கே வந்தால் போதும். பேஸ்மெண்ட் முடிந்ததும் ஒருவர் வந்து சரிபார்த்துவிட்டுப் போகட்டும்.

முடியாத காரியம் என்று தோன்றினால் அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கோ ஆவடிக்கோ போய் மஞ்சள் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். நிலையம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று ஊர்ப் பெயருக்குக் கீழே எழுதி வைப்பது ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். இந்தத் தடத்தில் 1856-லிருந்து ரயில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு மட்டம் முக்கியம் என்று அன்றைக்கே புரிந்து, அளந்து, ஊர் பார்க்க எழுதி வைத்தார்கள். அந்தப் பலகைகளில் ஒன்றுக்கு அரை மைல் தள்ளி இருக்கும் என் வீட்டுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026-க்கானது. மூன்றாவது திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் எங்கள் தெருக்களின் மட்டம் இருக்குமா, வழக்கம்போல எந்த நிறத்தில் எந்தப் பயன்பாடு என்ற வரைபடம் மட்டும்தானா?

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் வீடு கட்டத் தொடங்கினார். தொழிற்பேட்டையில் வேலை. அனுமதி ஒரே நாளில் வந்துவிட்டது என்று காட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அண்ணே, பேஸ்மெண்ட் எவ்வளவு ஏத்தலாம்?" என்று கேட்டார். வரைபடத்தில் 0.60 என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய மேஸ்திரியோடு டியூப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டுச் சுவரில் மிக்ஜாம் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்தும் போகாத பழுப்புக் கோடு. ஒரு முனையை அந்தக் கறையில் நான் பிடித்துக்கொண்டேன். மறு முனையை அவர் பிடித்துக்கொண்டு சந்து வழியாகத் தன் மனைக்கு நடந்தார். டியூப் எட்டவில்லை. நடுவில் மின்கம்பத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி எடுத்தோம். வரைபடப்படி கட்டியிருந்தால் அவர் வீட்டுக் கூடம் அந்தக் கறைக்குப் பதினோரு அங்குலம் கீழே இருந்திருக்கும்.

மேஸ்திரி சுவரில் புதிய கோடு போட்டார். தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்து ஓட்டு வீட்டைக் காட்டி, "நான் இவ்ளோ ஏத்தினா அந்தப் பாட்டி வீட்டுக்குத் தண்ணி போகுமேண்ணே" என்றார். கையிலிருந்த அனுமதித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.